கழிவுக் கணக்கு

ராயக்கோட்டை சாலையில் பேக்கரிக்கு மேல்மாடி.
மார்ச்சிலேயே சுவர் சுடுகிறது.
மாம்பழக் கூழ் ஆலைகளுக்கான எங்கள் மென்பொருளில்
நான்கு லட்சம் வரிகள்.
எடைமேடையில் ஏறிய பழத்துக்குக் கழிவும் வரியும் பிடித்து
ரசீது அடிக்கும் பகுதி மட்டும்
பதினோரு கோப்பில் பதினோரு முறை இருக்கிறது.

திம்மராஜின் வேலை.
புது ஆலை வந்தால் பழையதை நகலெடுத்து ஒட்டுவான்,
பெயரை மாற்றுவான், டீ குடிக்கப் போவான்.
காவேரிப்பட்டணத்தில் அவன் விட்ட எழுத்துப்பிழை
பர்கூர், ஊத்தங்கரை, சூளகிரி என்று
குடும்ப மூக்கு மாதிரி எல்லாவற்றிலும் வருகிறது.
அவன் இப்போது பெங்களூரில்.

போன வருடம் வரி மாறியது.
வரிக்கான வரியைப் பத்து இடத்தில் மாற்றினோம்.
பதினொன்றாவது வேப்பனஹள்ளி.
மூன்று வாரம் பழைய விகிதத்திலேயே ரசீது போனது.
கணக்கர் சுபான் பாஷா திட்டவில்லை.
"எல்லாத்தையும் எண்ணிப் பாத்தீங்களாம்மா?" என்றார்.
திட்டியிருக்கலாம்.

பதினொன்றையும் ஒன்றாக்குகிறேன் என்றேன்.
சென்னப்பன் சார் கண்ணாடியைக் கழற்றினார்:
"திரையில ஒரு பொத்தான்கூட மாறாது.
மூணு சனிக்கிழமைக்கு நான் யார்கிட்ட பில் போடறது?"
பதில் இல்லை என்னிடம்.
மூன்று சனிக்கிழமையும் வந்தேன்.

வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் பார்த்தால்
ஒன்பது ஒரே அச்சு.
எட்டை அழித்தேன்.
சொல்ல வெட்கம்தான், விரல் நுனி இனித்தது.
இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள் போயும்
எதுவும் உடையவில்லை.
சூளகிரியில், காம்போடு வந்த பழத்துக்குத் தனிக் கழிவு;
ஓர் ஆம்-இல்லை செருகிச் சரிக்கட்டினேன்.
போச்சம்பள்ளியில் ஒரே ஒரு வரி கூடுதல்:
கழிவில் கிலோவுக்குக் கீழே வருவதை விட்டுவிடு.
ஏன் என்று குறிப்பு இல்லை.
திம்மராஜின் கைத்தவறு, என்று
அதையும் துடைத்தேன்.

ஜூன். இரவு பதினொன்றரை. போன்.
போச்சம்பள்ளி ஆலை வாசலில் நாற்பது டிராக்டர்,
பெங்களூரா பழம் குவித்தபடி, நகராமல்.
முதல் வண்டி மாதம்மாளுடையது.
எடைமேடையை விட்டு இறக்க மாட்டேன் என்கிறார்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ,
நூற்றுக்கு நாலு கழிவு,
தொண்ணூற்று மூன்று பிடிக்க வேண்டிய இடத்தில்
தொண்ணூற்று மூன்று புள்ளி ஆறு.
"அறுநூறு கிராம் எனக்குப் பெரிசில்ல கண்ணு.
பேசினது பேசினதா, இல்லையா?"

ஏழு வருடத்துக்கு முன் சாலை மறியல் நடந்ததாம்.
கிலோவுக்குக் கீழே உள்ளது விளைவித்தவருக்கு என்று
ஆலைக்காரர் வாயால் ஒத்துக்கொண்டாராம்.
எந்தத் தாளிலும் இல்லை அது.
எழுதி வைத்திருந்த ஒரே இடம்
நான் துடைத்த வரி.

திரும்ப வைத்தேன், தனிக் கோப்பில்.
சூளகிரியின் ஆம்-இல்லையையும் பிடுங்கி
வெளியே நட்டேன்.
பதினொன்று மூன்றாயிற்று; மூன்று ஒன்றாகாது.
போச்சம்பள்ளியின் தலையில் எழுதினேன்:
'இது நகல் இல்லை. கேட்காமல் தொடாதே.'

ஜூலையில் வரி மறுபடி மாறியது.
பத்து நிமிடம்கூட ஆகவில்லை.
வேப்பனஹள்ளியிலிருந்து போன் வரவில்லை.
வராத போனை
எந்த வரவில் எழுதுவது, சார்?

நேற்று மத்தூரில் புது ஆலை.
இம்தியாஸ் அவசரத்தில்
போச்சம்பள்ளிக் கோப்பை நகலெடுத்து ஒட்டியிருக்கிறான்,
தலைக்குறிப்போடு.
இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது
'இது நகல் இல்லை.'

சிரித்து முடித்து, அழிக்கக் கை போனது.
நிறுத்திவிட்டு மத்தூருக்குப் போன் போட்டேன்:
அண்ணா, உங்க ஊர்ல
கிலோவுக்குக் கீழே யாருக்கு?